லியோந்தினின் முதுகு

பாரிஸில் ஒரு சலவைக்கடையில் லியோந்தின் இருபது வருடமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு வந்தாள். ஓவியர் வெர்னூ அவளைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, ஆறிய இஸ்திரிப்பெட்டியைக் கையில் கொடுத்து அசையாமல் நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரம் வரைந்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"வேலை செய்யற கை மாதிரியே இல்லையே!"

"சூடே இல்லாத பெட்டிய எதுக்குய்யா அழுத்தணும்? கடைக்கு வந்து வரைங்க. ஆனா அசையாமல்லாம் நிக்க மாட்டேன், துணி கருகிடும்."

மறுநாளிலிருந்து அவர் கடையில் அவளுக்குப் பின்னால், அழுக்குத்துணிக் கூடைமேல் உட்கார்ந்து வரைந்தார். பெட்டிகளைச் சூடேற்றும் அடுப்பின் வெக்கையில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. லியோந்தினுக்குப் பின்மேசையில் இஸ்திரி போடும் ஃபெலிசி, "சட்டையக் கழட்டிக் குடுங்கய்யா, அதையும் தேய்ச்சிடறோம்" என்று சீண்டினாள்.

வசந்தகாலக் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை லியோந்தினும் ஃபெலிசியும் பார்க்கப் போனார்கள். லியோந்தின் தன் முதுகை அதுவரை பார்த்ததில்லை. படத்தில் வலது தோள் இடது தோளைவிட நான்கு விரற்கடை ஏறியிருந்தது.

"கோணலா வரைஞ்சிட்டாரே?"

"கோணல்லாம் இல்லடி. நான் தெனமும் பாக்கற முதுகுதான்."

"ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"என் முதுகு மட்டும் என்னவாம்? நீ சொன்னியா?"

லியோந்தின் மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு மேசை அதிக உயரம்; அதனால்தான் தோள் ஏறியிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு தடித்த பலகைகளைக் கொண்டுவந்து, ஒன்றைத் தன் காலடியிலும் மற்றதை ஃபெலிசியின் காலடியிலும் போட்டாள். எதற்கென்று முதலாளியம்மா கேட்டாள்.

"ஓவியர் ஐயா போடச் சொன்னாரும்மா" என்றாள் லியோந்தின்.

"அவர் சொன்னா சரி" என்று முதலாளியம்மா கல்லாவுக்குத் திரும்பினாள்.