தொலைக்காட்சியில் வராத இரு சகோதரிகள்

போன வாரம் என் மகள் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் போட்டாள். நூறு வயதைத் தாண்டிய இரண்டு கறுப்பினச் சகோதரிகளின் வாழ்க்கைக் கதை. "மம்மி, யூ வில் லவ் இட்" என்றாள். பத்து நிமிடம் தாங்கினேன். இரண்டு கிழவிகளும் ஜன்னலோரம், தேன் நிற வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்தாலே பொன்மொழியாகக் கொட்டினார்கள். பின்னால் பியானோ வேறு. கோபமே வராத கிழவிகளை எந்தக் கடையில் பிடித்தார்களோ!

நான் அறிந்த கறுப்பினச் சகோதரிகள் இருவர் அப்படியில்லை. நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்த புதிதில், ட்ரென்டன் பக்கம் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். மூத்தவர் மிஸ் எட்னா, தொண்ணூற்றெட்டு வயது, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தங்கை மிஸ் வேராவுக்குத் தொண்ணூற்றைந்து, கணக்கு டீச்சராக இருந்தவர். நாடகக்காரிகளுக்குக் கசங்கிய சால்வை போர்த்திவிட்டிருந்தார்கள். இவர்களோ தினமும் கஞ்சி போட்ட சட்டையைத் தேய்த்துத்தான் போடுவார்கள். அந்த இஸ்திரி வாசனைதான் மாடியேறி வந்து என்னை எழுப்பும். கூடவே சண்டைச் சத்தமும். ரேடியோவில் எந்த ஸ்டேஷன் என்பதற்குக்கூடச் சண்டை. ஒருமுறை சமாதானம் பேசப் போனேன். "உன்னை யார் கூப்பிட்டது?" என்று இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவர்கள் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை, குப்பைத் தொட்டியை ஒழுங்காக மூடு என்பதுதான்.

நம்மவர்கள் யாரும் அந்தத் தெருவுக்கு வரமாட்டார்கள். எனக்கு வேலைக்குச் சிபாரிசு செய்த அன்வர் அண்ணன் ஒரு மாலை என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். கார் லாக் ஆகியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு வாசல்வரை வந்தார்.

"ஏம்மா, சேஃபான ஏரியாவே கிடைக்கலையா உனக்கு? இதுங்க ரெண்டும் இன்னும் எத்தனை வருஷம் இழுத்துக்கிட்டு கிடக்கும்?"

நான் சிரித்தேன். உதவியவர் மனம் கோணக் கூடாதே என்று சிரித்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நானும் அவர் பக்கத்து ஆள் என்று காட்டிக்கொள்ளச் சிரித்தேன்.

மிஸ் வேரா கதவருகே நின்றிருந்தார். ஊரிலிருந்து அம்மா எனக்கு அனுப்பிய பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். அண்ணன் போனதும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் பாஷை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

பார்சலை என் கையில் கொடுத்தார். "கனமாக இருக்கிறது, பார்த்து ஏறு."

மன்னிப்புக் கேட்பதை நாளை, நாளை என்று தள்ளினேன். அதற்குள் கல்யாணம், வெஸ்ட் வின்ட்சரில் வீடு. நான் கிளம்பிய அன்று மிஸ் எட்னா மட்டும் வாசலுக்கு வந்தார். "வேராவுக்கு முட்டி வலி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்று அந்தத் தெருவுக்குக் காரை ஓட்டிப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக. வீடு இல்லை. வேலி போட்ட காலி மனை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எட்னா, வேரா என்று இரண்டு சகோதரிகள் இங்கே இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

அங்கிருந்த பெண் உதவத்தான் நினைத்தாள். "அவங்க குடும்பப் பேர் என்ன?" என்றாள்.

மூன்று வருடம் அவர்கள் மாடியில் இருந்தவள் நான். எனக்கு ஞாபகம் வரவில்லை.