அருளப்பன் அளந்த சூடு

வல்லத்திராக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தவர் சொன்ன செய்தி, எஞ்சின் இரைச்சலில் முதலில் எங்கள் காதில் விழவில்லை. கிட்டே வந்து மறுபடி சொன்னார்: "அருளப்பன் சார் விடியக்காலம் தவறிட்டாங்க." டைபாய்டு காய்ச்சல். நாற்பது வயதுகூட நிறையவில்லை.

புதுக்கோட்டை மின் நிலையத்தில் அவர் மேற்பார்வையாளர், நான் எழுத்தர். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டில் மெல்லிய கம்பியில் பந்தல் முழுக்க விளக்கு மாட்டியிருந்தார்கள். கம்பி தாங்காது என்று பாதி விளக்கை அணைக்கச் சொன்னார். பெண்ணின் தகப்பனார் சத்தம் போட்டார். "வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்க. பாத்துட்டா நம்ம பேசவே வேண்டியதில்ல" என்றார் இவர்.

யுத்த காலத்து மார்கழி ஒன்றில் என் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. குளிரில் தங்காது என்றார் டாக்டர். சூடுபடுத்தும் பெட்டியை வெளியூரிலிருந்து வரவழைக்க வழியில்லை. அருளப்பனே ஒன்று செய்து கொண்டுவந்தார். மரப்பெட்டியின் அடியில் கம்பிச்சுருள், அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, அதற்கும் மேலே குழந்தைகள். மீட்டரில் இருநூற்று இருபது வோல்ட், அரை ஆம்பியர். வகுத்தால் சுருளின் எதிர்ப்பு நானூற்று நாற்பது ஓம். பெருக்கினால் நூற்றுப்பத்து வாட் சூடு. டாக்டருக்குத் திருப்தி.

மறுநாள் காலையில் சின்னவள் உயிரோடு இல்லை. "ரொம்ப எடை குறைஞ்ச பிள்ளை, எப்படியும் தங்கியிருக்காது" என்றார் டாக்டர். அடக்கம் செய்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அருளப்பன் மீட்டர்களோடு உள்ளே போனார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"நான் மத்தியானம் மட்டும் அளந்தேங்க. ஊருல வெளக்கு எரிய ஆரம்பிச்சா இங்கிட்டு வர்ற வோல்ட்டு நூத்தி எழுபத்தாறா எறங்கிருது. ஆம்பியரும் கூடவே எறங்குது. நூத்திப்பத்து வாட்டு எழுபதாயிருது. சின்னதுக்கு அந்தச் சூடு பத்தல. என் தப்பு."

"டாக்டர் வேற மாதிரி சொன்னாரே."

"டாக்டரு நல்ல மனுசன்" என்றார்.

அன்றே சுருளின் ஒரு பகுதியை மட்டும் இணைக்கும்படி பெட்டியில் விசை வைத்தார். எதிர்ப்பு குறைந்தால் குறைந்த வோல்ட்டிலும் சூடு போதும். ஆனால் ஊர் விளக்குகள் அணைந்து வோல்ட் ஏறும்போது விசையை மாற்றாவிட்டால் பிள்ளை வெந்துவிடும். அதனால் மூத்தவள் தேறும்வரை தினமும் அவரே வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்பாள் என் மனைவி.

"நீங்க பிள்ளையப் பாருங்க தங்கச்சி. நான் மீட்டரப் பாக்குறேன்."

நேற்று அடக்கத்துக்குப் போயிருந்தோம். அவருடைய மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "காய்ச்சல் வேகத்துல, ரெண்டு பிள்ளைகளும் நல்லா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்க பிள்ளைகள இல்ல, ஒங்க பிள்ளைகள. ரெண்டும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மா அப்படிச் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நண்பர்களே, சின்னவள் குளிரால் போனாளா, பலவீனத்தால் போனாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் கேட்காதபோது வந்து நின்று "என் தப்பு" என்று சொன்ன அந்தக் குரலைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன்.

குழியில் மண் போடும் முறை வந்தபோது என் மகள் ஒரு பிடி போட்டாள். பிறகு குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள், தங்கைக்காக.