பின்கழுத்தில் ஓர் அதிர்வு

மன்னிக்கவும், நான் இங்கே எழுதுவதே அபூர்வம். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எஸ்டேட்டில் தேயிலை வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். போன வாரம் சரோஜா அக்கா ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். அவர் கூப்பிட்டது மறுபக்கம் இருந்த அம்மாவுக்கு மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. பிளேடு அக்காவின் காலருகே வந்துதான் நின்றது.

பழைய கைப்பேசிகளில் இருக்கும் அதிர்வு மோட்டாரைக் கழற்றி, இருவருக்கும் கைப்பட்டை செய்தேன். மெஷின் கைப்பிடியில் ஒருவர் பட்டனை அமுக்கினால் மற்றவர் மணிக்கட்டில் அதிரும்.

இன்று காலை கட்டிவிட்டேன். அம்மா அமுக்கினார். அக்கா நிற்கவே இல்லை.

“பாப்பா, மெஷினே கைய உலுக்கு உலுக்குன்னு உலுக்குது. இதுல உன் வளையல் ஆடுறது எங்க லா தெரியும்?” என்றார் அக்கா.

“டிகிரி எடுத்துட்டா போதுமா? ஒரு நாளாச்சும் மெஷினப் புடிச்சிருக்கணும்” என்று அம்மா சிரித்தார்.

அக்காவே பட்டையைக் கழற்றி, பின்கழுத்தில் படும்படி தலைத்துண்டுக்குள் செருகிக்கொண்டார். அம்மா மறுபடி அமுக்கியதும், “ஐயோ, குளவி!” என்று துள்ளி மெஷினை நிறுத்தினார்.

செய்முறையையும் நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டேன். சரியான இடத்தைக் கண்டுபிடித்தவர் என்று அக்காவின் பெயரும் அதில் இருக்கிறது.

மதியத்துக்குள் மற்ற ஜோடிகளும் கேட்டுவிட்டார்கள். என்னிடம் மோட்டார் தீர்ந்துவிட்டது.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேசை இழுப்பறையில் செத்துக் கிடக்கும் கைப்பேசிகளைத் தருவீர்களா? பழைய மெசேஜ்களைப் படிக்க மாட்டேன்.