பார்க் வாசலில் நான் வைத்த கடவு

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. விட்டதே என்று நாங்கள் நிம்மதியடைந்த அந்தக் காலையில் என் மகள் சரசு கட்டிலிலிருந்து இறங்கினாள். இடது கால் நனைந்த துணி போல மடங்கியது. "அப்பா, காலு வரமாட்டீங்குது" என்றாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எழுபதுகளின் நடுப்பகுதி.

பாலக்காட்டு டாக்டர் போலியோ (நரம்பைத் தாக்கித் தசையைச் செயலிழக்கச் செய்யும் இளம்பிள்ளை வாதம்) என்றார். நாங்கள் எலப்புள்ளிக்குத் திரும்புவதற்குள் ஊரே வைத்தியம் படித்து முடித்திருந்தது. ஒருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார். இன்னொருவர் முன்ஜென்மப் பாவம் என்றார். பாவமே செய்யாத அந்த மனிதர் இரண்டு கால்களையும் சுகமாக நீட்டி, என் மனைவி போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள். காபி கொடுக்காதீர்கள்.

சில மாதங்களில் காலிபர் (கால் மடங்காமல் தாங்கும் இரும்புக் கம்பியும் தோல்பட்டையும்) மாட்டினார்கள். "இனி மருந்து ஒண்ணும் இல்லை. ரெண்டு பக்கமும் கம்பி பிடிச்சு தினம் நடக்கணும். விட்டா காண்ட்ராக்சர் (தசை சுருங்கி மூட்டு இறுகிவிடுவது) வரும், பின்னே ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

வீட்டு வாசலில் மூங்கில் கட்டிக் கொடுத்தேன். நான்கு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் பஞ்சாயத்துப் பார்க்கிலிருந்து மற்றப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லாத இடத்தில் எதற்கு நடப்பது என்ற அவள் நியாயம் எனக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்று பஞ்சாயத்துத் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசித் திறந்துவைத்தது. ஊஞ்சல், சறுக்கு, வாலிபர்கள் உடற்பயிற்சி செய்ய நெஞ்சுயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள். வாசலில் கடவு. வயல் வேலிகளில் வைப்போமே, இரண்டு கல்தூண், நடுவே மூன்று குறுக்குக் கட்டை. ஆள் ஏறித் தாண்டலாம், மாடு தாண்டாது.

பிறகுதான் எனக்குப் புரிந்து, அங்கேயே நடக்கட்டும் என்று சரசுவைத் தூக்கிக்கொண்டு கடவைத் தாண்டினேன். ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எறக்கி உடுங்கப்பா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். மறுநாள் வரவே மாட்டேன் என்றாள். கால் இறுகிக்கொண்டிருந்தது.

கடவை எடுக்கச் சொல்லித் தலைவரிடம் போனேன்.

"ஏனுங்க, ஒரு புள்ளைக்கோசரம் வாசலையே பேத்தெடுக்கறதுங்களா? மாடு பூந்துருமுங்க."

"படல் போட்டுக் கயிறு மாட்டிக்கலாமுங்க."

"கடவு வெக்கோணும்னு கமிட்டீல சொன்னதே நீங்கதானுங்களே?"

உண்மைதான். சரசுவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தைய வருடம், எழுந்து நின்று பெரிய அறிவாளி போல நான்தான் சொன்னேன். கைகூடத் தட்டினார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பற்றி யோசிக்கச் சொன்னால் மாட்டைப் பற்றி யோசித்த மூளை அது.

மறுநாள் விடிந்ததும் ரம்பத்தோடு போய்க் குறுக்குக் கட்டைகளை அறுத்தேன். தள்ளித் திறக்கும் மூங்கில் படல் மாட்டினேன். கம்பித் தூண்களிலேயே, தாழ்வாக, சரசுவின் கைக்கு எட்டும்படி இரண்டு மூங்கில் கட்டினேன். ஒரு வாரத்தில் கோலூன்றும் கிழவர்களும் நிறைமாதக்காரிகளும் உள்ளே வந்தார்கள். அவர்கள் அதுவரை வெளியே நின்றதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அடுத்த கூட்டத்தில் தலைவர் படல் தன்னுடைய யோசனை என்றார். வெட்கம் என்பது அவருக்கு எந்த மருந்துக்கும் வராத நோய்.

சரசு தினமும் நடந்தாள். ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்ல ஒன்றரை வருடம் ஆயிற்று. இடது கால் மெலிந்தேதான் இருக்கிறது.

டாக்டர் அப்படிச் சொன்ன மறுநாள் காலை பார்க்கை விட்டு வரும்போது, "நீங்க போங்கப்பா, நானே சாத்தீட்டு வாரேன்" என்றாள். அவள் மெல்லச் சாத்தி முடிக்கும் நேரத்தில் ஒரு பாத்தி கொத்திவிடலாம். அன்று சும்மா நின்றேன். கயிற்றை மாட்டிவிட்டு வந்து கேட்டாள்: "இனி தோட்டத்துக்கு உங்களுக்குச் சோறு நான் கொண்டாரட்டுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மாலையில் தோட்டத்துக்குப் போனேன். என் வேலியில், சரசு சோற்றோடு வர வேண்டிய வழியில், அதே போல ஒரு கடவு அப்படியே இருந்தது. இத்தனை நாளும் தலைவரைத் திட்டிக்கொண்டே அதைத் தாண்டியிருக்கிறேன். காலைத் தூக்கினேன். முழங்கால் இடுப்புவரை வர வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம் என்று அன்றுதான் என் காலுக்குத் தெரிந்தது.