ரெட்டை பாய்லரும் வடக்கு மூலை மூட்டையும்

எங்கள் வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ குடித்தால் தொண்டை மாத்திரை சப்பின மாதிரி இருக்கும். முதலில் காபி தெரியும். விழுங்கிய பிறகு மூக்குக்குள் ஜில்லென்று ஏதோ ஏறும். மூன்று மாதம் இதற்கு நான் மிஷினைத்தான் குற்றம் சொன்னேன். சென்னையில் வேலை பார்த்தபோது ஊரைக் காலி செய்த ஒரு தோழியிடம் வாங்கிய பழைய மிஷின். ஒரே பாய்லர். போடியில் சாயங்காலம் கரண்ட் இறங்கி ஏறும்போது அதுவும் சேர்ந்து மூச்சு வாங்கும். குற்றம் சொல்ல ரொம்ப வசதி.

கொட்டையை நான் சந்தேகப்படவே இல்லை. அது சொந்தக் கொட்டை. குரங்கணிக்கு மேலே, ஜீப் மட்டும் போகிற இடத்தில், எங்கள் ஏலத்தோட்டத்தின் ஓரமாக ஒரு ஏக்கர் காபி நிற்கிறது. அப்பா ஏலக்காய் வியாபாரி. அவரைப் பொறுத்தவரை காபிச் செடி என்பது ஏலச்செடி நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இன்னொரு செடி, அவ்வளவுதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னதும் ஊருக்கு வந்து அந்த ஒரு ஏக்கரை எனக்குக் கேட்டேன். பழுத்த பழமாகப் பார்த்துப் பறிக்க வைத்து, பாயில் பரப்பிக் காயவைத்து, மூன்று மூட்டை தேற்றினேன்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மழை இறங்குவதற்குள் அந்தக் காபியை மதித்து வாங்க ஓர் ஆள் வர வேண்டும். வராவிட்டால் ஆனியில் காபியைப் பிடுங்கிவிட்டு ஏலம் நடுவார். சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து ஊர் தேவாரத்தில் ஒருவரிடம் ஏல நாற்றுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆள் கிடைத்தது. மதுரையில் காபிக் கடை நடத்தும் புருஷன் பெண்டாட்டி. போனில் நான் பேசிய பேச்சை அவர்கள் நம்பவில்லை, நம்பியிருந்தால் அவர்கள் வியாபாரிகளே இல்லை. நேரில் வந்து குடித்துப் பார்த்துத்தான் சொல்வோம் என்று வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அவர்களுக்குத் தொண்டை மாத்திரையைக் கொடுக்க முடியாது. ஆகவே புது மிஷின்.

இணையத்தில் எஸ்பிரெஸ்ஸோ மிஷின் பற்றிப் பேசுகிறவர்கள் தனி இனம். என்ன கேட்டாலும் அவர்களிடம் ஒரே பதில்தான்: இதைவிடப் பெரியதாக வாங்கு. பால் திரிந்துவிட்டது என்றாலும் அதையே சொல்வார்கள். நான் என் ஜில்லிப்பை விவரித்து எழுதினேன். பாய்லர் சூடு நிலையாக இல்லை, ரெட்டை பாய்லருக்குப் போ என்று முகம் தெரியாத நாலைந்து பேர் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்புதான் வேண்டியிருந்தது.

எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். எவ்வளவு நேரத்தில் சூடாகும், ஸ்டெபிலைசர் தாங்குமா, எங்கள் போர் தண்ணீருக்கு உள்ளே உப்பு படியுமா, மாடிப்படியில் எத்தனை பேர் தூக்க வேண்டும். கடைசியில் இரண்டு மிஷின் தேறின. ஒன்று ரெட்டை பாய்லர், காபிக்கு ஒன்று பால் நுரைக்கு ஒன்று, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. இன்னொன்று கைப்பிடியை அழுத்திக் காபி இறக்குகிற வகை, பார்க்க அடிபம்பு. அட்டவணையை அப்பாவிடம் காட்டினேன். மேலிருந்து கீழே ஒழுங்காகப் படித்தார்.

“இதுல சாம்பிள் எங்க ஆத்தா?” என்றார்.

மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, நசுக்கி, மோந்து, கடித்துப் பார்க்காமல் அவர் வாழ்க்கையில் எதையும் வாங்கியதில்லை. என் காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட ஹாஸ்டல் சாம்பாரை ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்த்தவர்.

“படத்தப் பாத்து யாராச்சும் சரக்கு எடுப்பாகளா? நம்ம கொட்டைய வறுத்துக் கொண்டா. அந்த மிஷின்லயே போட்டுக் குடிச்சிட்டுப் பேசுவம்.”

இந்த மாதிரி மிஷினைக் கடையிலேயே ஓட்டிக் காட்டுகிற இடம் கோயம்புத்தூரில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் அக்கா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு புது எவர்சில்வர் டப்பா வாங்கி, வறுத்த கொட்டையை அதில் அடைத்துக்கொண்டு விடிகாலையில் காரில் கிளம்பினோம்.

ஷோரூமில் ஏப்ரன் கட்டிய ஒருவர் இருந்தார். டப்பாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“ஏலக்காய் போட்டு வறுத்தீங்களாங்க?”

அப்பா டப்பாவை வாங்கி மோந்தார். காபி வாசந்தான் வருது என்றார். நானும் மோந்தேன். காபி வாசம்தான். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. பேசாமல் ரெட்டை பாய்லரில் ஒரு காபி இறக்கிக் கொடுத்தார். தொண்டை மாத்திரை. அடிபம்பில் இறக்கினார். அதே தொண்டை மாத்திரை, கொஞ்சம் அடர்த்தியாக. பிறகு நாங்கள் கேட்காமலே கடைக் கொட்டையை எடுத்து, மூலையில் கிடந்த குட்டி மிஷினில் போட்டார். என் பழைய மிஷினின் தம்பி மாதிரி இருந்தது அது. அந்தக் காபி நல்ல காபியாக இருந்தது. விழுங்கிய பிறகும் காபியாகவே இருந்தது.

என் அட்டவணை அந்த இடத்தில் செத்தது. ஆனால் நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போடியில் அவர் மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. எந்தச் சரிவில் காய்த்தது, புகை பட்டதா, ஈரம் பட்டதா என்று மோந்தே சொல்வார். மற்ற வியாபாரிகள் சந்தேகம் வந்தால் சாம்பிளை அவரிடம் கொடுத்தனுப்புவார்கள். அப்படிப்பட்டவரிடம் ஒரு கோயம்புத்தூர்க்காரர், கையில் துடைக்கிற துணியோடு, இதில் ஏலக்காய் இருக்கிறது என்கிறார். இவருக்குத் தெரியவில்லை.

அப்பா எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் நின்றார். பஸ் புகையை, எதிர் டீக்கடை வடை வாசத்தை, பக்கத்துப் பஞ்சர் கடை ரப்பர் நாற்றத்தை, ஒன்றுவிடாமல் இழுத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்து, எங்கள் கொட்டையில் இன்னொன்று போடச் சொன்னார். ஒரு மடக்கு. வாயில் வைத்திருந்தார். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டார்.

“இருக்கு” என்றார்.

இன்னொரு மடக்கு குடித்தார்.

“போன வருசத்துச் சரக்கு. லேசா ஈரம் பட்டது. குடோன்ல வடக்கு மூலையில கெடக்குல்ல, அந்த மூட்டை.”

வடக்கு மூலை மூட்டையின் மேல் காபி மூட்டையைச் சாய்த்து வைத்தது நான்தான். எங்கள் வீடு ஏலக்காய் குடோனுக்கு மேலே இருக்கிறது. மலையிலிருந்து இறக்கிய ஒரு மூட்டையை வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏல வாசத்திலேயே கிடப்பதால் குடோன் என்றால் எங்களுக்கு வாசமே இல்லாத இடம். திரும்பி வரும்போது பல்லடம் பக்கத்தில் அப்பா ஆரம்பித்தார்.

“காபியக் கொண்டுபோயி ஏலக்கா மடியில உக்கார வச்சா அது என்னத்தா செய்யும்?” பிறகு, “மேல ரெண்டு மூட்டை கெடக்குல்ல” என்றார்.

கிடந்தது. ஜீப்பில் முதலில் ஏலக்காய் ஏறும், இடமிருந்தால்தான் காபி. சீசன் முழுக்க இதற்காக நான் சண்டை போட்டிருந்தேன். இடம் கிடைக்காததால்தான் இரண்டு மூட்டை மலையிலேயே, தோட்டக்காரர் வீட்டுப் பரணில் தப்பித்துக் கிடந்தன. அந்தச் சண்டையை நான் திரும்ப எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அப்பா ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு ஜீப்பின் பின்பக்கமும் குனிந்து மோந்தார். எல்லாம் ஏலக்காய் ஏற்றும் ஜீப். ஒரு டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, கருவாடு எதுவும் தொலைச்சிட்டீகளா?” என்றார். கடைசியில் செங்கல் ஏற்றுகிற ஜீப் ஒன்று தேறியது.

அடுத்த கேள்வி, மூட்டையை எங்கே இறக்குவது. பாத்திரக் கடை அக்காவிடம் கேட்டேன். எவர்சில்வருக்கு வாசம் கிடையாது.

“இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே. உங்க வீட்டு எலிகூட பாயசமா மணக்கும்டி” என்றார். ஞாயிறு அவர்கள் சர்ச்சுக்குப் போவதால் கடை அடைப்பு. சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். கூடவே ஓர் உத்தரவு: “குளிச்சிட்டு வா. எம் மக சுடிதாரு தர்றேன், அதப் போட்டுக்க. உந்துணியோட உள்ள நுழையாத.”

பழைய மிஷினையும் கிரைண்டரையும் கழற்றிக் கழுவி, அக்கா கடைக்குத் தூக்கிப் போனேன். கொட்டையை அங்கேயே பின்கட்டு அடுப்பில் வறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக் கொப்பரைகளுக்கும் கல்யாண அண்டாக்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மிஷின். அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து கடை வாசல்வரை ஏறினார். நின்றார். சட்டைக் கையைத் தூக்கி மோந்தார். இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய், எங்கள் குடோன் வாசலில் வெயிலில் நின்றுகொண்டார்.

மதுரைக்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மா மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். குடித்தார். விழுங்கிய பிறகு என்ன வருகிறது என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பிறகு கப்பை நீட்டி, இன்னொன்று என்றார். அவர் புருஷன் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்தார். அப்பா எதிரில் இருந்து அதைக் கவனித்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டு மூட்டையும் எங்களுக்கு, அடுத்த சீசனில் வேறு யாரிடமும் பேசிவிடாதே என்றார்கள். அப்பாவைப் பார்க்க முடியுமா என்று அந்த அம்மா கேட்டார்.

“எதிர்ல நிக்கிறாரு. உள்ள வர மாட்டாரு” என்றேன். காரணம் சொன்னேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அப்பாவும் அங்கிருந்தே கும்பிட்டார்.

நான் வாசலுக்கு வந்து தலையை ஆட்டினேன். அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நடுவில் ஒரு லாரி போனது. அது தாண்டியதும் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ரோட்டைக் கடக்காமலே எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“நாத்து வேணாம்னுட்டேன்.”