போணிக்கு முன்னால் வந்த டோக்கன்

1. சிவப்பு வட்டம்

டோக்கன் வந்த முதல் நாள் காலையில், என் கடைக்கு வந்த அத்தனை பேரையும் நானே திருப்பி அனுப்பினேன். ரயில் போய்விட்டது. கட்டிய கீரையெல்லாம் கட்டியபடியே இருந்தது.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் உழவர் சந்தையில் கீரை விற்றவள். அந்தப் பக்கத்திலேயே இருக்கிற ஆரணிக்கு அருகில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். எனக்குக் கூவி விற்க வராது. யாராவது பேரம் பேசினால் முகத்தைப் பார்க்காமல் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவேன். அதனால் எனக்கு ஒத்து வந்தவர்கள் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் கம்பெனி ஆட்கள்தான். கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சந்தை. அவர்களுக்காகவே சந்தை ஆபீசர் ஒரு கேட்டை மட்டும் முன்கூட்டியே திறக்கச் சொல்வார். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்கள் பேரம் பேசுவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கேட் இல்லையென்றால் நான் பழையபடி அடுத்தவர் கழனிக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அதில் ஒரே தொல்லை சில்லறை. எல்லோரும் ஐம்பது, நூறு என்று நோட்டாகவே நீட்டுவார்கள். சில்லறைக்குப் பதில் கருவேப்பிலை வைத்துக் கொடுப்போம். ஸ்டீல் கம்பெனித் தம்பி ஒருவர் ஒருநாள், "இன்னா ஆயா, டெய்லி கருவேப்பிலையே குடுத்துனுகீற. எங்க ஊட்ல இன்னா, சோத்துக்குப் பதில் அதைத்தான் துன்றமா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். எல்லோரும் அப்படிச் சிரிக்கவில்லை. கேட்டருகே தினமும் சண்டை.

இதைச் சரி செய்ய நித்யா என்ற பெண்ணை ஆபீஸில் கூட்டி வந்தார்கள். மெட்ராஸ் பெண். அவள் வேலைக்கு சர்வீஸ் டிசைன் என்று பேர். ஜனங்கள் எப்படி வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று பார்த்து அந்த வழியைச் சீர் செய்வதாம். அவள் கொண்டுவந்ததுதான் டோக்கன். கேட்டில் ஒரு கவுன்டர். அங்கே நோட்டைக் கொடுத்தால் பிளாஸ்டிக் வட்டங்கள் தருவார்கள். சிவப்பு ஐந்து ரூபாய், பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று. மிஞ்சியதைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் நாளைக்கும் செல்லும். நாங்கள் கடை கட்டும்போது கவுன்டரில் கொடுத்து முழுப் பணமும் வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் ஆள் சிவப்பு வட்டத்தை நீட்டியபோது என் கை போகவில்லை. இன்னும் போணி ஆகவில்லை.

சந்தைக்குப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். போணி என்பது அன்றைக்கு முதல் விற்பனை. அந்தக் காசு கைக்கு வந்ததும் கண்ணில் ஒற்றி, தராசில் தொட்டு, சுருக்குப் பையில் போடுவோம். பிளாஸ்டிக்கை எப்படிக் கண்ணில் ஒற்றுவது? காசு இருந்தால் கொடுப்பா என்றேன். இருந்ததையெல்லாம் டோக்கனாக மாற்றிவிட்டேன் என்றார் அவர். பக்கத்தில் கத்திரிக்காய் விற்கும் கன்னியம்மா கடைக்குப் போனார். அங்கேயும் அதே பதில். எல்லாக் கடையிலும் அதே பதில்தான்.

ரயில் ஹாரன் கேட்டதும் அத்தனை பேரும் கவுன்டரில் டோக்கனை விட்டெறிந்துவிட்டுப் பணத்தைக் கேட்டுக் கத்தினார்கள்.

2. தலையாட்டினோம்

அன்று ஆபீசர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "இந்த வாரம் பாப்பேன். இதே மாதிரி நடந்தா காத்தால கேட்டே கெடையாது. எட்டு மணிக்கு மேலதான்" என்றார். டோக்கனை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். போணி என்று சொன்னால் மூடநம்பிக்கை என்பார். கலர் புரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

பாவம், நித்யா சாயங்காலம் வரை கலர் சொல்லிக் கொடுத்தாள். சிவப்பு எத்தனை என்று கேட்டால் கன்னியம்மா வேண்டுமென்றே யோசித்து யோசித்துச் சொன்னாள். மறுநாளும் அதே கதைதான்.

அதற்கு அடுத்த நாள் நித்யா விடியும் முன்பே வந்து, என் பக்கத்தில் கோணிமேல் உட்கார்ந்தாள். நான் கீரை கட்ட, அவள் வாழைநார் எடுத்துக் கொடுத்தாள். ஒருவர் டோக்கனோடு வந்தார். அனுப்பிவிட்டேன். இன்னொருவர் டோக்கன் மாற்றாமல் காசாகவே கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தவரிடம் டோக்கனை வாங்கிக் கீரை கொடுத்தேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "முதல்ல வந்தவர்கிட்ட வாங்காத டோக்கனை இவர்கிட்ட மட்டும் எப்படிம்மா வாங்கினீங்க?"

கூட்டத்தில் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். கை வேலையில் இருந்தது, குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. அதனால் சொல்லிவிட்டேன்.

"போணி ஆவல இல்லம்மா. அது காசாதான் வரணும்."

அவள் சிரிக்கவில்லை. முதல் காசு யார் கொடுத்தாலும் சரிதானா என்று மட்டும் கேட்டாள். கன்னியம்மா அங்கிருந்தே, "கை நல்ல கையா இருக்கணும். காதர் பாய் கை மாதிரி" என்றாள்.

3. பாய் கை

காதர் பாய் ஸ்டேஷன் எதிரில் இட்லி, டீ விற்கும் நாஷ்டா கடை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். ரயில் போன பிறகு வந்து, மிஞ்சிய காயை மலிவாக வாங்கிப் போவார். என்றைக்காவது அவர் முதலில் வந்துவிட்டால் அன்றைக்குக் கூடை காலி என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

நித்யா அவரைக் கூட்டி வந்தாள். கேட் திறக்கும் முன்பே அவரை உள்ளே விடுவது, நல்ல காயாக அவரே பொறுக்கிக்கொள்வது, பதிலுக்கு எல்லாக் கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் காசு கொடுத்து வாங்குவது. இதுதான் அவள் போட்ட திட்டம்.

"இத்தினி கடைக்கும் நான் போணி பண்ணிக்கினு இருந்தா, என் கடைக்கு எவன் பண்றது?" என்றார் பாய்.

"மொத டீ நான் குடிக்கிறேன் பாய். டப்பு மட்டும் கேக்காத" என்றாள் கன்னியம்மா.

"அது போணி இல்ல தாயி, அது பேஜாரு." பாய் பையை உதறி எடுத்துக்கொண்டார். "சரி, சாம்பார்ல எதைப் போட்டாலும் சாம்பார்தான்."

சனிக்கிழமை பாய் வரிசையாக வந்தார். என்னிடம் ஒரு கட்டு சிறுகீரை வாங்கி, என் கையில் காசை வைத்தார். தராசில் தொட்டேன். கேட் திறந்தது. சிவப்பும் பச்சையும் மடியில் விழுந்துகொண்டே இருந்தன. ஆபீசர் கேட்டருகே கை கட்டி நின்றார். ரயில் வருவதற்குள் என் கூடையில் நாரைத் தவிர ஒன்றும் இல்லை. ஆபீசர் வாட்ச்மேனிடம், "திங்கக்கிழமையும் இதே டைமுக்குத் தெறந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நித்யா மாதிரிப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். கூட்டம் போட்டுக் கேட்டால் ஜனங்கள் தலையாட்டுவார்கள். வேலை நடக்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்படி ஒருவர் வந்து கேட்டால், நாமும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில் நித்யா தன் வீட்டுக்குக் கீரை வாங்க விடியும் முன்பே சந்தைக்கு வந்தாள். கையில் சிவப்பு டோக்கன். கடைக்கு முன்னால் வராமல் ஓரமாக நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அவசரம் இல்லம்மா. பாய் வரட்டும்" என்றாள்.