அக்கா கையில் இருக்கும் துப்பாக்கி

அட்டைப் படத்தைப் பார்த்ததுமே சித்தப்பா குதித்தார். "தெவசத்துக்குப் போட்ற புக்குல துப்பாக்கியாடா? பூ வெச்சிக்கினு சிரிக்கிற போட்டோ ஒன்னுகூடவா கெடைக்கல?" கிடைத்தது சித்தப்பா, நிறையவே கிடைத்தது. ஆனாலும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இந்தப் படம்தான் வரும். ஏன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, களை வெட்டிக்கொண்டே படித்தார். என்னையும் படி படி என்று அடித்துக்கொண்டார், நான்தான் உருப்படவில்லை. விளையாட்டு ஆசிரியையாகி, வெள்ளிமலைப் பள்ளிக்குப் பதினெட்டு ஆண்டுகள் மலைப்பாதைப் பேருந்தில் போய்வந்தார். கல்யாணம் வேண்டாம் என்றார். தனக்கென்று எதையுமே கேட்காதவர், நாற்பது வயதுக்குமேல் ஒன்றே ஒன்று கேட்டார்.

வெளியூர்ப் பயிற்சி ஒன்றுக்குப் போன இடத்தில் 'டிராப்' விளையாட்டைப் பார்த்திருக்கிறார். பள்ளத்துக்குள் இருக்கும் எந்திரம் களிமண் தட்டை வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அங்குள்ள சங்கத்தில் சேர்ந்தார். சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்க அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தார். உறவுக்காரர்கள் பாதிப் பேர் வாயில் விழுந்து எழுந்தார்.

உரிமம் வந்தது. துப்பாக்கி வாங்க அக்கா தனியாகப் போயிருக்கலாம். விட்டோமா நாங்கள்? நல்ல காரியம் என்று வெள்ளிக்கிழமை பார்த்து, சித்தப்பாவும் நானும் கூடவே கிளம்பினோம்.

கடையில் அக்கா அவசரப்படவில்லை. கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை அதன் பின்கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறப்பார். பார்வை குழலின் மேல் நேராகப் போகிறதா என்று பார்ப்பார். மூன்றாவதாக எடுத்தது நீளக் குழல் கொண்டது, நல்ல கனம். அதைத் திரும்பத் திரும்பத் தோளில் ஏற்றிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

சித்தப்பா கடிகாரத்தைக் காட்டினார். "மணி பத்தே கால் ஆவுது. பத்தரைக்கு ராகுகாலம். இன்னாம்மா, கட்டை கட்டையா மோந்து பாத்துக்கினு?"

என் பங்குக்கு நானும் வாயை வைத்தேன். பெண்கள் கையில் கொடுக்கும் களைக்கொத்து லேசாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பழகிய புத்தி. பூ வேலைப்பாடு போட்ட ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். "இத பாருக்கா, வெயிட் கம்மி."

"லேசா இருந்தா சுடும்போது ஒத ஜாஸ்திடா. தோளு யாருது, உன்னுதா?"

"பழகப் பழக சரியாப் போய்டும்க்கா. டைம் ஆவுது."

அக்கா கனமானதை மேசைமேல் வைத்தார். "சரிடா" என்றார். அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

பத்து மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு அந்த லேசான துப்பாக்கியை முடிவு செய்தோம். வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அதற்கப்புறம் இரண்டு ஆண்டுகள் அக்காவின் தோள் கன்றிப்போய்தான் கிடந்தது. தட்டுகள் உடையாமலே தரையில் விழுந்தன. "வேற மாத்தேன்க்கா" என்று ஒருநாள் சாவகாசமாகச் சொன்னேன். "மறுபடியும் மொதல்லேருந்து அலையணும்டா" என்றார். துப்பாக்கியை மாற்ற அனுமதி கேட்டு அப்போதே எழுதிப் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு சங்கத்திலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டார். "டேய், இன்னிக்கு ஒன்னு கெடச்சிதுடா, அப்படியே தோள்ல ஒக்காந்துக்கிச்சி..." நான் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். "அப்பறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டேன். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் வெள்ளிமலையில் நெஞ்சுவலி வந்து, மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

துப்பாக்கியை அதே கடையில் ஒப்படைக்கப் போனேன். கடைக்காரர் அதைச் சோதித்துவிட்டு, "உங்க அக்கா மாதிரி ஒரு தபா தூக்கிப் பாருங்க" என்றார். கண்ணை மூடித் தோளில் ஏற்றினேன். கன்னத்தில் ஏதோ சொரசொரவென்று பட்டது. கட்டையின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, அடுக்கடுக்காக. பார்வை குழலின் மேல் நேராகப் போகும்படி கட்டையை உயர்த்த, இரண்டு ஆண்டுகளாக ஒட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார். அந்தக் கடையிலேயே அழுதேன்.

அக்காவை ஜீப்பில் வைத்து மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த வெள்ளிமலைப் பெற்றோர்களுக்கும், மூன்று நாளும் கூடவே இருந்த ஆசிரியைகளுக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த ஞாயிறு தன் சொந்தத் துப்பாக்கியை அக்காவிடம் கொடுத்து, இந்தப் படத்தையும் எடுத்து அனுப்பிய பயிற்சியாளருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அட்டையை இன்னொரு முறை பாருங்கள் சித்தப்பா. அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். கையில் இருப்பது நாம் வாங்கிக் கொடுத்தது இல்லை.